கீழ் ஏரியலின் வார்

டெலிவிஷன் வந்த புதிதில் மொட்டை மாடியில் ஒருவரை நிறுத்தி ஏரியலைத் திருப்பச் சொல்லிவிட்டு, கீழேயிருந்து "வந்துச்சு, வந்துச்சு, ஐயோ போச்சு" என்று கத்திய காலம் நம் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். எங்கள் வீட்டில் அந்த வேலைக்கு நான் ஒருநாளும் போனதில்லை. மருமகன் கூப்பிட்டால் முட்டி வலி என்பேன். முட்டி நன்றாகத்தான் இருந்தது. ஏரியல் திருப்புவதை அதற்கு ஐம்பது வருஷம் முன்னாலேயே பார்த்து முடித்துவிட்டேன்.

நீங்கள் ஆளாளுக்கு இந்தப் பத்திரிகையில் உங்கள் சின்ன வயதை எழுதுகிறீர்கள். ஆற்றில் குளித்தது, மாங்காய் திருடியது எல்லாம் படித்தேன். உங்களில் ஒருவர்கூடக் கெட்ட பிள்ளையாக இருந்ததில்லை போலிருக்கிறது. நான் இருந்தேன். அதைத்தான் எழுதப் போகிறேன். பிடிக்காதவர்கள் பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. ஆம்பூரைத் தாண்டி, பாலாற்றை ஒட்டி ஒரு தோல் கம்பெனி. அப்பா அங்கே மேஸ்திரி. கம்பெனி மதிலுக்கு உள்ளேயே எங்களுக்கு இரண்டு அறை வீடு. ஆவாரம்பட்டை ஊறும் வாசனை, சுண்ணாம்பு நெடி, பச்சைத் தோலின் நாற்றம் மூன்றும் சேர்ந்ததுதான் எங்களுக்குக் காற்று. வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொள்ளும்போது, இவர்களுக்கு என்ன ஆயிற்று என்று நாங்கள் பார்ப்போம். அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் தோலைக் கிள்ளிப் பார்த்தே அது மாட்டின் எந்த இடத்துத் தோல், எத்தனை நாள் பட்டைத் தண்ணீரில் ஊறியது என்று சொல்லிவிடுவார். எனக்கும் அந்தக் கிள்ளல் பழகியிருந்தது. முதுகுத் தோல் கிள்ளினால் மடங்காது. வயிற்றுத் தோல் தளதளவென்று விரலோடு வரும். நனைந்துவிட்டால் இழுத்த இழுப்புக்கு நீளும். அங்கே வளர்ந்த எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் இதைச் சொல்லும்.

கம்பெனி பெரிய முதலாளியுடையது. அவருடைய தம்பியைச் சின்ன முதலாளி என்போம். தோல் படிப்புக்காகச் சீமைக்குப் போய் மூன்று வருஷம் இருந்துவிட்டு வந்தவர். படித்தது தோல்தான் என்றாலும் அவர் விரல் பட்டதெல்லாம் கண்ணாடிக் குழாய் மேல்தான் என்று அப்பா வீட்டில் கேலி செய்வார். அவர் கொண்டுவந்த பெட்டிகளில் தோல் சம்பந்தப்பட்டது ஒன்றுமில்லை. வால்வு, செம்புக் கம்பி, காதில் மாட்டிக்கொள்ளும் கருவி, இவைதான். சர்க்காரிடம் லைசென்ஸ் வாங்கிக்கொண்டு, பங்களாவின் மாடி அறையில் உட்கார்ந்து, உலகத்தின் இன்னொரு மூலையில் அதே மாதிரி உட்கார்ந்திருக்கும் ஒருவரோடு வயர்லெஸ்ஸில், தந்தி மாதிரி, தட்டித் தட்டிப் பேசுவார். வியாபாரம் பேசுகிறாரா என்றால் இல்லை. உங்கள் ஊரில் மழையா, எங்கள் ஊரில் வெயில் என்று பேசுவார். இதற்காகவா ஒரு மனிதன் சாப்பாட்டை ஆறவிட்டு உட்கார்ந்திருப்பான் என்று அம்மாவுக்கு ஆச்சரியம்.

அந்த வருஷம் ஆடி மாதம் பங்களாவுக்குப் பின்னால் அவர் ஒரு கோபுரம் எழுப்பினார். நான்கு சவுக்குக் கம்பங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுப்போட்டு, குறுக்குச் சட்டம் அடித்து, அறுபதடி உயரம். உச்சியில் இரண்டு ஏரியல். மேலே சிறியது, அதற்கு ஓர் ஆள் உயரம் கீழே பெரியது. இரண்டும் மரச்சட்டத்தில் செம்புக் குழாய் கட்டியவை. பெரியது நம் வீட்டுக் கூடத்தைவிட நீளம். சும்மா நட்டு வைத்தால் போதாதாம். எந்த ஊரோடு பேச வேண்டுமோ அந்தத் திசைக்கு அகலம் காட்டி நிற்க வேண்டுமாம். மேலே இருப்பது ஆஸ்திரேலியாவைப் பார்க்கும்போதே கீழே இருப்பது லண்டனைப் பார்க்க வேண்டும். ஒன்றைத் திருப்பினால் மற்றது இமைக்கக்கூடக் கூடாது. அதற்காகக் கொல்லரை வைத்து, குழாய்க்குள் குழாய் விட்டு, உள்குழாயில் மேல் ஏரியலையும் வெளிக்குழாயில் கீழ் ஏரியலையும் பூட்டினார். ஒவ்வொரு குழாயிலும் ஒரு மர உருளை. உருளையைச் சுற்றி ஒரு நீளமான வார். வாரின் இரண்டு பக்கமும் தரைக்கு இறங்கி, கைப்பிடி வைத்த ஒரு சக்கரத்தில் சேரும். தரையில் சக்கரத்தைச் சுற்றினால் அறுபதடி உயரத்தில் ஏரியல் திரும்பும். இரண்டு சக்கரம், இரண்டு வார், திருப்ப ஓர் ஆள்.

அந்த ஆள் என் மாமா. அம்மாவின் தம்பி.

மாமா அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். அப்பா அவரைச் சுண்ணாம்புக் குழியில் சேர்த்துவிட்டார். தோலில் மயிர் கழல்வதற்காகச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். ஆட்கள் குழிக்குள் இடுப்பளவு இறங்கி நின்று கையாலேயே புரட்டுவார்கள். ஆறு வருஷம் புரட்டினார். விரல் இடுக்குகளிலும் நகக்கண்ணிலும் துளை துளையாகப் புண் விழுந்து, ஆறுவதற்குள் மறுபடி சுண்ணாம்பு. வேலூர் ஆஸ்பத்திரிக்கு அம்மா கூட்டிக்கொண்டு போனாள். இன்னும் ஒரு வருஷம் சுண்ணாம்பில் கை வைத்தால் விரல்களை எடுக்க வேண்டியிருக்கும், வைக்காமல் இருந்தால் தானே ஆறிவிடும் என்று டாக்டரம்மா சொன்னார். அம்மா அப்பாவின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினாள். கோபுரம் வந்ததும் அப்பா சின்ன முதலாளியிடம் பேசி மாமாவைச் சக்கரத்துக்கு மாற்றினார். சக்கரத்தை முழங்கையாலும் சுற்றலாம்.

எனக்கு மாமாவைப் பிடிக்காது. காரணம் கேட்டால் வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். அவர் வந்த பிறகு முன்னறையில் நான் படுக்கும் இடம் அவருக்குப் போயிற்று. சாயங்காலம் அம்மா என் தலையைப் பின்னிவிடும் நேரத்தில் அவர் கைக்குத் தேங்காயெண்ணெய் தடவித் துணி சுற்ற உட்கார்ந்துவிடுவாள். அழுகல் நாற்றம் ஊரெல்லாம் இருந்தாலும் அவர் விரலின் நாற்றத்தை மட்டும் நான் தனியாகக் கண்டுபிடிப்பேன். இவ்வளவுதான். ஒன்பது வயதுப் பெண் ஒருவரை வெறுக்க இது போதுமானதாக இருந்தது.

வார் விஷயத்துக்கு வருகிறேன். சின்ன முதலாளி மதராசிலிருந்து நல்ல சணல் கயிறு வரவழைப்பதாக இருந்தார். அப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

"தோல் கம்பெனில கயிறு வாங்குறதாங்க? கேட்டா சிரிப்பாங்க. எருமைத் தோல்ல முதுகா எடுத்து நான் வார் வெட்டித் தர்றேன். உங்க பேரப்புள்ள காலத்துக்கும் அறாது" என்றார்.

சின்ன முதலாளிக்கு அது பிடித்துப்போயிற்று. சொந்தத் தோலில் சுற்றும் ஏரியல் என்று சீமைச் சிநேகிதர்களுக்குச் சொல்லலாம் அல்லவா. முதல் வாரை அப்பா அவர் கண்முன் வெட்டினார். இரண்டு முழு எருமைத் தோலின் முதுகைப் பட்டை பட்டையாகக் கீறி, ஒட்டுவைத்துத் தைத்தது அது. மேல் ஏரியலுக்குப் போயிற்று.

இரண்டாவது வாரை வெட்டும்போது சின்ன முதலாளி இல்லை. நான் இருந்தேன். ஒரு நுனியைப் பிடித்துக்கொள்ள அப்பா கூப்பிட்டிருந்தார். அப்பா கத்தியை முதுகின்மேல் வைத்தார். வைத்தபடியே கொஞ்ச நேரம் நின்றார். நல்ல தோல், வடுவில்லாதது, கப்பலேற வேண்டியது. பிறகு கத்தியை எடுத்துவிட்டு, அடுக்கின் அடியிலிருந்து வயிற்றுத் துண்டுகளை இழுத்துப் போட்டார்.

"இதைப் போயி ஒரு பொம்மைக்கு வெட்டுவானா எவனாவது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

தைத்து முடித்ததும் இரண்டு வாருக்கும் புங்க எண்ணெயில் விளக்குக் கரியைக் குழைத்துத் தேய்த்தார். கறுப்பானதும் எது எதுவென்று தெரியவில்லை. ரெண்டும் முதுகுதானே என்று சின்ன முதலாளி வந்து கேட்டபோது, ரெண்டும் முதுகுதாங்க என்றார். அந்த வெட்டுக்காக அப்பாவைக் குறை சொல்ல இன்றைக்கும் எனக்கு வாய் வரவில்லை. தோலோடு வாழ்ந்தவருக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான். அதற்கப்புறம் செய்ததற்குத்தான் அவரை நான் மன்னிக்கவில்லை. என்னையும் சேர்த்து.

ஆடியும் ஆவணியும் காய்ந்தன. கோபுரம் நன்றாக ஓடியது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் அடியில் ஒரு வட்டத் தகடு, தகட்டின்மேல் சக்கரத்தோடு சுற்றும் ஒரு முள். தகட்டைச் சுற்றி ஊர்ப் பெயர்களைச் சினிமாக் கொட்டகைக்கு போர்டு எழுதுகிறவர் சிவப்பில் எழுதியிருந்தார். லண்டன், அமெரிக்கா, டோக்கியோ, ஆஸ்திரேலியா, ஆப்பிரிக்கா. மாமாவுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் இரண்டே நாளில் இடத்தை வைத்துப் பெயரைப் பிடித்துக்கொண்டார். மாடி ஜன்னலிலிருந்து சின்ன முதலாளி "மேல, டோக்கியோ" என்றோ "கீழ, லண்டன்" என்றோ கத்துவார். மாமா சுற்றுவார். வார் உருளையில் உராயும் சத்தம், புதுச் செருப்பு கடிக்கிற மாதிரி, சமையலறை வரை கேட்கும். முள்ளைத்தான் பார்க்க வேண்டும், ஆகாயத்தைப் பார்த்துச் சொந்தமாக ஒன்றும் செய்யக் கூடாது என்பது சின்ன முதலாளியின் கட்டளை.

மாமாவின் கை ஆற ஆரம்பித்தது. முதலில் துணி சுற்றுவது நின்றது. பிறகு சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டார். ஒரு நாள் அம்மாவிடம் ஊசி கேட்டு வாங்கி, நூலைத் தானே கோத்துக் காட்டினார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு எரிச்சலாக இருந்தது.

"பாப்பா, இன்னிக்கு ஆப்பிரிக்காப் பக்கம் காத்து ஜாஸ்தி" என்று என்னிடம் உலக நிலவரம் சொல்வார். நான் பதில் சொல்ல மாட்டேன்.

அந்த நாட்களில் நாங்கள் பிள்ளைகள் ஒரு விளையாட்டு கண்டுபிடித்தோம். சின்ன முதலாளி ஊரில் இல்லாத மத்தியானங்களில், பங்களாச் சுவருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, அவர் குரலிலேயே "கீழ, அமெரிக்கா" என்று கத்துவோம். மாமா அலறியடித்துக்கொண்டு வெயிலில் ஓடிவந்து சுற்றுவார். முள் அமெரிக்காவுக்குப் போனதும் "இல்லடா, டோக்கியோ" என்போம். ஒரு மத்தியானம் பதினோரு தடவை திருப்பினோம். எண்ணியவள் நான்தான். சட்டை முதுகோடு ஒட்டிப்போய், நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தவர், அங்கே யாரும் இல்லை என்று தெரிந்ததும் சுவர்ப் பக்கம் திரும்பி லேசாகச் சிரித்தார். எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் மறுநாளும் போயிருக்க மாட்டோம். பட்டைக் கிடங்கில் இருந்த ஆட்கள் இதைப் பார்த்துவிட்டு, லண்டன் என்றாலும் சுற்றுவான், சுடுகாடு என்றாலும் சுற்றுவான் என்று அவருக்குப் பெயர் கட்டினார்கள். அந்தப் பெயர் சின்ன முதலாளியின் காதுக்கும் போயிற்று.

ஐப்பசியில் மழை பிடித்தது. மூன்று நாள் விடாமல் பெய்த பிறகு, மாமா ஈரத் தலையோடு வந்து அப்பாவிடம் மெதுவாகச் சொன்னார். நான் பக்கத்தில் பாடம் எழுதிக்கொண்டிருந்தேன்.

"மேஸ்திரி, கீழ் வாரு இழுத்துக்குது. தரையில முள்ளு லண்டனுக்குப் போய்ட்டாலும் உச்சில அந்தப் பெரிய ஏரியல் பாதிதான் வருது. மேல் வாரு கெட்டியா கீது."

"மழைன்னா எல்லாந்தான் இழுக்கும். வாயை மூடிக்கினு சுத்து."

"சின்ன மொதலாளிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டா..."

"சொன்னா அப்புறம் நீ குழிக்குத்தான் போவ. தெரியுதா?"

மாமாவுக்குத் தெரிந்துதான் இருந்தது. அவர் சொல்லவில்லை.

மழையின் ஐந்தாம் நாள் பங்களாவுக்கு விருந்தாளிகள் வந்தார்கள். தோல் வாங்கும் கம்பெனியின் துரை ஒருவர், அவர் மனைவி, மதராசிலிருந்து நாலைந்து வியாபாரிகள். மாலை நான்கு மணிக்கு லண்டன் பக்கத்திலிருந்து ஒரு சிநேகிதர் பேசுவதாக ஏற்பாடு. மேல் ஏரியலில் ஆஸ்திரேலியாவையும் கீழ் ஏரியலில் லண்டனையும் மாற்றி மாற்றிக் கேட்கவைத்து, ஒரே கோபுரத்தில் இரண்டு திசை என்று காட்டுவது சின்ன முதலாளியின் திட்டம். பெரிய முதலாளியே மாடியேறி வந்திருந்தார். தம்பியின் கிறுக்கை அவர் மதித்து வந்து உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

ஆஸ்திரேலியா வந்தது. கைதட்டல் கீழே எங்களுக்குக் கேட்டது. பிறகு "கீழ, லண்டன்" என்று ஜன்னலில் குரல். மாமா சுற்றினார். முள் லண்டனில் நின்றது. மாடியில் சத்தமில்லை. மழையில் நிமிர்ந்து பார்த்தால் கண்ணில் தண்ணீர்தான் விழும், ஆனாலும் மாமா உள்ளங்கையை நெற்றிக்கு வைத்து நிமிர்ந்தார். பெரிய ஏரியல் வடக்கிலேயே நின்றுகொண்டிருந்தது. கட்டளையை மீறி மேலும் சுற்றினார். வார் நீண்டது, ஏரியல் கொஞ்சம் நகர்ந்தது. மேலும் சுற்றினார். முள் லண்டனைத் தாண்டி ஆப்பிரிக்காவுக்குப் போய்விட்டது.

அப்போதுதான் சின்ன முதலாளி படியிறங்கி ஓடி வந்தார். குடை பிடித்தபடி விருந்தாளிகள் பின்னாலேயே வந்தார்கள். அவர் ஆகாயத்தைப் பார்க்கவில்லை. முள்ளைப் பார்த்தார்.

"யாருடா உன்னை ஆப்பிரிக்காவுக்குத் திருப்பச் சொன்னது?"

"மொதலாளி, வாரு இழுத்துக்கிச்சு. இன்னும் ரெண்டு நிமிஷம் விட்டா மேல சரியா நிக்கும்..."

அவர் மாமாவைத் தள்ளிவிட்டு, தானே முள்ளை லண்டனில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு மாடிக்கு ஓடினார். லண்டன் வரவில்லை. பேச வேண்டிய நேரம் முடிந்தது. பெரிய முதலாளி யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வண்டியேறிப் போனார். துரையின் மனைவி மட்டும், பாவம், ஏதோ ஆறுதலாகச் சொன்னாள். அதுதான் சின்ன முதலாளியை ரொம்பக் கொளுத்திவிட்டது என்று நினைக்கிறேன்.

உடனே அவர் ஒன்றும் செய்யவில்லை. விருந்தாளிகள் போகும்வரை பொறுத்தார். அதற்குள் மழை விட்டு இரண்டு நாள் சுள்ளென்று வெயில் அடித்தது. மூன்றாம் நாள் மத்தியானம் கோபுரத்தடியில் விசாரணை. ஆட்களெல்லாம் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். நாங்கள் பிள்ளைகள் முன்வரிசை.

"மேலயும் கீழயும் ஒரே தோல். ரெண்டுக்கும் ஒரே மழை. மேல சரியா நின்னுது, கீழ மட்டும் எப்படி மாறும்?" என்று கேட்டார் சின்ன முதலாளி. "சுத்திக் காட்டு."

மாமா சுற்றினார். வெயிலில் காய்ந்து சுருங்கியிருந்த வார் விறைப்பாக இழுத்தது. முள் லண்டனுக்கு வந்தபோது மேலே ஏரியலும் பிசகாமல் லண்டனைப் பார்த்து நின்றது. கூட்டத்தில் சிரிப்பு. ஆப்பிரிக்காவில் இன்னாடா வேலை உனக்கு என்று ஒருவன் கேட்டான். எல்லோரையும்விடச் சத்தமாக நாங்கள் சிரித்தோம்.

"காஞ்சா சரியா கீது மொதலாளி. நனைஞ்சாத்தான் நீளுது. தண்ணி ஊத்திப் பாருங்க."

சின்ன முதலாளி நியாயம் பார்க்கிறவர்தான், அதையும் சொல்ல வேண்டும். ஓர் ஆளை ஏற்றி, ஒரு வாளித் தண்ணீரை வாரின் மேல் ஊற்றச் சொன்னார். மறுபடி சுற்றச் சொன்னார். ஏரியல் பிசகவில்லை. எப்படிப் பிசகும்? எண்ணெய் தேய்த்த தோல் ஒரு வாளித் தண்ணீருக்கா நனையும்? ராத்திரி பகலாக ஊற வேண்டும். அங்கே நின்ற அத்தனை பேரும் தோலை ஊறவைத்தே சோறு தின்றவர்கள். ஒருவன் வாய் திறக்கவில்லை. சீமையில் மூன்று வருஷம் தோல் படித்தவர் இரண்டு விரலால் அந்த வாரைக் கிள்ளிப் பார்த்திருக்கலாம். கிள்ளவில்லை.

"ஒரு நாள் பூரா ஊறணுங்க..." என்றார் மாமா.

"நீ குடிச்சிருந்தியா?"

"நான் தொடறதில்லைங்க. மேஸ்திரியைக் கேளுங்க."

அப்பாவைக் கேட்டார்கள். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு, "குடிக்கிறது எனக்குத் தெரிஞ்சு இல்லீங்க. ஆனா வாரு ரெண்டும் முதுகுதான். முதுகு நீளாதுங்க" என்றார்.

அப்போது மாமாவுக்கு விளங்கிவிட்டது. அவர் முகத்தில் அது ஏறியதை நான் பார்த்தேன். அப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அக்கா புருஷன். அந்த வீட்டுச் சோறு. அப்பாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. கூட்டத்தைச் சுற்றிப் பார்த்து, என்னிடம் வந்து நின்றார்.

"வெட்டும்போது பாப்பாதான் கூட இருந்துச்சு. ஞாயித்துக்கெழமை கோயிலுக்குப் போற பொண்ணு, பொய் சொல்லாது. சொல்லும்மா. கீழ் வாரை உங்கப்பா எந்தப் பக்கத்துல வெட்டினாரு?"

சின்ன முதலாளி குனிந்து, "பயப்படாதே, பாத்ததைச் சொல்லு" என்றார். குரல் அன்பாகத்தான் இருந்தது.

இந்த இடத்தில் நீங்கள் எனக்காக ஒரு சாக்கு தேடுவீர்கள். அப்பா கண்ணால் மிரட்டியிருப்பார் என்பீர்கள். இல்லை. அப்பா என்னைப் பார்க்கவே இல்லை. ஒரு பார்வை பார்த்திருந்தால்கூடப் பழியை அவர்மேல் போட்டுவிட்டு இத்தனை வருஷம் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். பயந்தேன் என்பீர்கள். அதுவும் இல்லை. அத்தனை பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மாமாவின் கை என் முகத்துக்கு நேரே இருந்தது. புண்ணெல்லாம் மூடி, ரோஜா நிறத்தில் புதுத் தோல் வந்திருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

"முதுகு" என்றேன். "நான்தான் நுனியைப் புடிச்சேன். நல்ல கெட்டியான முதுகு."

கேட்டதற்கு மேலே அந்தக் கடைசி வார்த்தைகளை நானாகவே சேர்த்தேன்.

சின்ன முதலாளி நிமிர்ந்தார். மேஸ்திரி, இவனை எங்கேயிருந்து எடுத்தீங்களோ அங்கேயே போட்டுடுங்க என்றார். விசாரணை முடிந்தது. ஆட்கள் கலைந்தார்கள். மாமா என் தலையில் கை வைப்பவர்போலக் கையைத் தூக்கினார், பிறகு வைக்காமல் எடுத்துக்கொண்டார்.

அம்மா அன்றைக்கு அழுத அழுகையை அப்பா திட்டி நிறுத்தினார். மறுநாள் காலையில் மாமா சுண்ணாம்புக் குழியில் இறங்கினார்.

அடுத்த வாரம் சின்ன முதலாளி மதராசுக்குப் போயிருந்த நாளில், அப்பா கோபுரத்தில் ஆளை ஏற்றி, கீழ் வாரைக் கழற்றி, சொக்கமான முதுகுத் தோலில் வேறு வார் வெட்டிப் போட்டார். அதற்கும் கரி தேய்த்தார். இப்போது மட்டும் அவருக்குக் கை கூசவில்லை. சக்கரத்துக்குப் புது ஆள் வந்தான். கார்த்திகை மழையில் நாலு நாள் நனைந்தும் ஏரியல் சொன்ன திசையில் நின்றது. லண்டன் வந்தது.

"பாத்தீங்களா மேஸ்திரி, ஆளுதான் பேஜார், தோல் இல்லை" என்றார் சின்ன முதலாளி.

"ஆமாங்க" என்றார் அப்பா.

மூன்று நான்கு வருஷத்தில் யுத்தம் வந்தது. லைசென்ஸை சர்க்கார் ரத்து செய்து, பெட்டிகளை எடுத்துக்கொண்டு போனார்கள். கோபுரத்தைப் பிரித்து, சவுக்குக் கம்பங்களைப் பட்டைக் கிடங்குக்குக் கூரை போடப் பயன்படுத்தினார்கள். சிவப்பெழுத்துத் தகடுகள் என்ன ஆயின என்று தெரியாது. நான் தேடவும் இல்லை.

மாமாவின் கை அந்த யுத்தம் வரைக்கும் எல்லாம் காத்திருக்கவில்லை. மாசி மாதமே காய்ச்சல் வந்து கை வீங்கிவிட்டது. வேலூரில் வலது கையில் கட்டைவிரலை மட்டும் விட்டுவிட்டு மற்ற நான்கையும் எடுத்தார்கள். இடது கையில் இரண்டு. அப்பா அவரை வீட்டை விட்டு அனுப்பவில்லை. சாகும்வரை சோறு போட்டார். ஊரில் அதற்காக அப்பாவுக்கு நல்ல பெயர்கூட இருந்தது. மச்சினனை இப்படி யார் வைத்துக் காப்பாற்றுவார்கள் என்பார்கள்.

முதலில் அம்மாதான் ஊட்டினாள். பங்குனியில் தம்பி பிறந்து அம்மா படுத்துக்கொண்டதும் அந்த வேலை எனக்கு வந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தட்டில் சோறும் குழம்பும் பிசைந்து, மாமாவுக்கு எதிரே உட்கார்ந்து, உருட்டி உருட்டி வாயில் வைக்க வேண்டும். அவர் சம்மணமிட்டு, கட்டுப் போட்ட இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, வாயைத் திறப்பார். நான் வைப்பேன். என்னைப் பார்க்க மாட்டார், சுவரைப் பார்ப்பார். இப்படியே ஒரு மாதம் போயிருக்கும்.

ஒரு நாள் மென்று விழுங்கிவிட்டு, அடுத்த வாய்க்குத் திறக்காமல் என்னைப் பார்த்தார்.

"பாப்பா, ஒண்ணு கேக்கட்டா? கோச்சுக்க மாட்டியே?"

நான் உருட்டிக்கொண்டிருந்தேன்.

"அது வயித்துத் தோலுன்னு உனக்குத் தெரியும்தானே? உங்கப்பாவை நான் கேக்கல. அவருக்குக் குடும்பம் கீது, பயம் கீது. உனக்கு இன்னா நான்..."

அவர் முடிப்பதற்குள், தட்டிலிருந்து வழக்கத்தைவிடப் பெரிதாக ஓர் உருண்டையை உருட்டி அந்த வாயில் திணித்தேன். அவர் மென்றார். கையால் எடுக்கவோ தடுக்கவோ முடியாதபடி இரண்டு கையிலும் கட்டு. அவர் விழுங்கி முடிக்கும்போது அடுத்த உருண்டை என் கையில் தயாராக இருந்தது. அதற்கடுத்ததும். கண்ணில் தண்ணீர் வந்தது, புரைக்கேறியது, தண்ணீர் கொடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். தட்டு காலியாகும்வரை அவரைப் பேசவிடவில்லை. அதன் பிறகு பன்னிரண்டு வருஷம் அந்த வீட்டில் இருந்தார். அதை அவர் மறுபடி கேட்கவே இல்லை.